இரண்டாவதாகப் போகிறவன்

முதலில் அந்த வேட்டை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வீரம் கீரம் என்று யாராவது கற்பனை செய்துகொள்வதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

ஜெர்மானியர்களிடம் ஜெட் விமானம் வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது டெம்பெஸ்ட், மூக்கில் ப்ரொப்பெல்லர் சுழலும் போர் விமானம். அதன் வேகத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் மார்தட்டிக்கொள்வார்கள். ஆனால் ஒரு ஜெட் பக்கத்தில் தாண்டிப் போனால் நாங்கள் சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் மாதிரிதான். துரத்திப் பிடிக்க வழியே கிடையாது. அதனால் துரத்தவில்லை. அது வீடு திரும்பும் நேரம் பார்த்து வாசலில் போய் நின்றுகொண்டோம். தரையிறங்கும் ஜெட் ஒரு பரிதாபமான ஜந்து. எரிபொருள் தீர்ந்திருக்கும். சக்கரங்கள் கீழே தொங்கும். வேகத்தைக் குறைத்துவிட்டால் சட்டென்று கூட்ட அதன் எஞ்சினால் ஆகாது. கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவனைக் கதவை உதைத்துத் திறந்து சுடுவது போல. அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் எலி வேட்டை.

1945 மார்ச். ஹாலந்தில் ஆட்பேக் என்ற ஊருக்கு வெளியே, பீட்ரூட் வயலை அமுக்கி அதன்மேல் இரும்புத் தகடு பரப்பிய ஓடுதளம். அதன் கோடியில் பகல் முழுவதும் இரண்டு டெம்பெஸ்ட்கள் தயாராக நிற்கும். உள்ளே விமானிகள் இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஜெட்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டன என்று ரேடார்காரர்கள் போன் செய்ததும் பச்சை விளக்கு வெடி ஒன்று மேலே சீறும். அடுத்த நிமிடம் இருவரும் வானத்தில் இருப்பார்கள். கால் மணியில் எம்ஸ்ரோட, அதாவது ஜெட்கள் இறங்கும் தளம்.

ஜெர்மானியர்கள் முட்டாள்கள் இல்லையே. ஜெட் இறங்கிவரும் பாதையின் இரண்டு பக்கமும், இரண்டு மைல் நீளத்துக்கு, நான்கு குழல்கள் கொண்ட பீரங்கிகளை வரிசையாக நட்டுவிட்டார்கள். ஜெட்டின் பின்னால் போகிறவன் அந்தச் சந்துக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். லீடர் முன்னால் போய்ச் சுடுவான். இரண்டாவது ஆள் முந்நூறு கஜம் பின்னால் வந்து லீடரின் முதுகைப் பார்த்துக்கொள்வான். இரண்டாவது ஆள் சுட மாட்டான். ஜெட் லீடருக்கு உரியது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

என் பெயர் வில்பிரட் தாக்ரே. போருக்கு முன் ஹல் நகரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் மதிப்பீட்டாளன். எரிந்த கிடங்கையும் மூழ்கிய படகையும் போய்ப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே வைத்த தீ என்று சொல்வது என் வேலை. பொய் வருகிறதென்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். விமானப் படையில் அதே வேலையை வேறு உடுப்பில் கொடுத்தார்கள், உளவு அதிகாரி என்று. பறந்து திரும்புகிறவனை உட்கார வைத்து, என்ன பார்த்தாய், எதைச் சுட்டாய் என்று கேட்டு அறிக்கை எழுத வேண்டும். சிறகில் இருக்கும் கேமரா, விசையை அழுத்தும்போது தானாக ஓடும். அந்த பிலிமைப் பார்த்து, 'வீழ்த்தப்பட்டது' என்றோ, வீழ்த்தியதாகச் சொல்லிக்கொள்ள 'உரிமை இல்லை' என்றோ நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதுவதுதான் மேலே போகும். விமானிகள் என்னை 'ஸ்பை' என்று கூப்பிடுவார்கள். நான்கு வருடத்தில் ஒருவனாலும் என் காதில் பூச்சுற்ற முடிந்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

பெவிஸ் ஆல்டர்சி எங்கள் படைப்பிரிவின் மூத்த லீடர். ஐந்து விமானங்களை வீழ்த்தியவன். எல்லாம் நியாயமானவை, நானே கையெழுத்துப் போட்டவை. அவன் பறக்க வேண்டிய மணிக்கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் பயிற்சிப் பள்ளியில் இடமும் தயார். போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். ஒரு ஜெட், ஒரே ஒரு ஜெட், அதை அடித்துவிட்டுப் போகிறேன் என்றான். படைத்தலைவர் மோர்டன்டும், குழந்தை மிட்டாய் கேட்டால் கொடுப்பது போல, சரி என்றுவிட்டார்.

அந்த ஒரு ஜெட்டுக்காக ஆல்டர்சி நான்கு முறை சந்துக்குள் போனான். முதல் முறை பென்ரோஸ் திரும்பவில்லை. இரண்டாம் முறை மகிலிவ்ரே. மூன்றாம் முறை ஒன்றும் ஆகவில்லை, ஜெட் வரவே இல்லை. நான்காம் முறை ஊட்டன் என்ற பையன், வந்து ஒன்பது நாள். மூன்று பேரும் இரண்டாவது ஆட்கள். ஆல்டர்சியின் விமானத்தில் ஒரு கீறல் இல்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை. முதல் விமானம் மரங்களுக்கு மேல் உரசிக்கொண்டு வரும்போது பீரங்கிக்காரன் திடுக்கிட்டு எழுந்திருப்பான். குழலைத் திருப்பி, விசையை அழுத்தும் நேரத்தில் முதல் விமானம் தாண்டிப் போயிருக்கும். முந்நூறு கஜம் பின்னால் வருகிறவன் அந்தக் குண்டுகளுக்குள் நேராக வந்து விழுவான். பக்கத்துப் படைப்பிரிவுகளின் அறிக்கைகளையும் வாங்கிப் பார்த்தேன். அங்கும் இதே கதைதான். செத்தவன் எல்லாம் இரண்டாவது ஆள்.

மோர்டன்டிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முட்டைப்பொடியில் செய்த ஆம்லெட்டைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போனா என்ன சார்?"

"சந்து அவ்வளவு அகலம் கிடையாது, ஸ்பை."

"அப்போ போகாம இருக்கலாமே."

"உங்க ஊர்ல தீப்பிடிச்சா, ஏணியில ஏற வேணாம், விழுந்துடுவேன்னு தீயணைப்புக்காரன்கிட்ட சொல்லுவீங்களா?"

"அது தீ சார். இது ஒருத்தர் ஊருக்குக் கொண்டுபோற பரிசு."

கரண்டியைக் கீழே வைத்தார். "இரண்டாவது ஆளோட வேலை இரண்டாவதா போறதுதான். அதுக்குத்தான் அந்தப் பேரு. நீங்க போய் டீ குடிங்க."

போய் டீ குடித்தேன். குளோரின் நாற்றமடிக்கும் டீ.

ஊட்டன் செத்த மறுநாள் ஆல்டர்சியின் இரண்டாவது ஆளாக இட்வால் பிரைஸின் பெயர் பலகையில் ஏறியது. வேல்ஸ்காரன், சார்ஜெண்ட், இருபத்திரண்டு வயது. அப்பா கல்லுடைக்கும் குவாரியில் வேலை. சும்மா இருக்க மாட்டான். என் கூடாரத்துக்கு வந்து, கேட்காமலே என் சர்க்கரை டப்பாவைத் திறந்து, வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு பீரங்கிகள் குறித்த வரைபடத்தைப் பார்ப்பான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. விமானிகளைப் பிடித்துப்போவது என் வேலையில் இருப்பவன் செய்யக்கூடாத தவறு.

பலகையைப் பார்த்துவிட்டு வந்தவன் அன்றைக்கு சர்க்கரையைத் தொடவில்லை.

"சார், ஒண்ணு கேக்கவா? அந்த ஜெட் எப்ப கிடைக்கும் அவருக்கு?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"கிடைச்சுட்டா ஊருக்குப் போயிடுவாருல்ல?"

"அன்னிக்கே."

"கிடைக்கலைன்னா?"

 பிரைஸ் விரலால் வரைபடத்தில் அந்தச் சந்தின் நீளத்தை அளந்தான். "ரெண்டு மைல். அவ்வளவு தாழ்வா, அந்த வேகத்துல, பதினஞ்சு பதினாறு செகண்டு. ஸ்கூல்ல ஒண்ணாம் வாய்ப்பாடு சொல்ற நேரம்கூட இல்ல சார். ஆனா என் டீச்சர் முன்னாடி நிக்கறப்ப எவ்வளவு நீளமா இருக்கும் தெரியுமா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிடேன் என்று கேட்டேன்.

"அதிகாரி சொன்னா அவருக்கு உடம்பு சரியில்லம்பாங்க. சார்ஜெண்ட் சொன்னா கோழைன்னு ஃபைல்ல எழுதி, பட்டையப் பிடுங்கிட்டுக் கக்கூஸ் கழுவ அனுப்புவாங்க. எங்க அப்பா காதுக்கு அது போகணுமா? வேணாம் சார்."

அது உண்மைதான். அந்த அசிங்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்குப் பச்சை வெடி போனது. ஆல்டர்சியும் பிரைஸும் கிளம்பினார்கள். நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். கால் மணி போக, அரைக்கால் மணி அங்கே, கால் மணி திரும்ப. முப்பத்தெட்டாவது நிமிடம் ஒரே ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. ஆல்டர்சி. தளத்தின் தலைக்கு மேலே வந்து விமானத்தை ஒரு புரட்டுப் புரட்டினான். ஜெயித்துவிட்டேன் என்பதற்கு அதுதான் சைகை. எல்லோரும் தொப்பியை வீசிக் கத்தினார்கள். நான் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பிரைஸ் வந்தான், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. வாலில் பாதி இல்லை. இருக்கைக்குப் பின்னால் கால் நுழையும் அளவுக்கு ஓட்டை.

இருவரையும் உட்கார வைத்தேன். ஆல்டர்சியின் கண் மின்னியது. "சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கிட்டு வந்தான் ஸ்பை. பட்டுனு ஒரு பிடி. மூக்கு குத்தி எரிஞ்சுது. முடிஞ்சுது! எழுது!"

பிரைஸின் பக்கம் திரும்பினேன். "நீ பார்த்தியா?"

அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்படியும் டீ சிந்தியது. "லீடர் சொன்னதுதான் சார்."

"நீ என்ன பார்த்தேன்னு கேட்டேன்."

"லீடர் சொன்னதுதான் சார்."

மதியத்துக்குள் பிலிமைக் கழுவிக் கொடுத்தார்கள். கூடாரத்தை மூடிக்கொண்டு நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பதினோரு விநாடி. ஜெட் இறங்குகிறது. ஆல்டர்சி எட்டாத தூரத்திலிருந்து சுடுகிறான். குண்டுகள் நூறு கஜம் பின்னால் புல்லில் மண்ணைக் கிளப்புகின்றன. ஜெட்டின் மேல் ஒன்றுகூட விழவில்லை. அது தரையைத் தொடுகிறது. முன்சக்கரத்தின் கால் மடங்குகிறது. மூக்கு குத்துகிறது, தீ. அவ்வளவுதான். அந்த ஜெட்களின் முன்கால் பலவீனமானது என்று எங்களுக்கு முன்பே தெரியும். தானாக உடைந்திருக்கிறது. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் கால்தான் மடங்கியது.

ஆல்டர்சி பொய் சொன்னான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் நம்பினான். கிடங்குக்குத் தீ வைத்தவனுக்கு உள்ளூர ஒரு நடுக்கம் இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

'உரிமை இல்லை' என்று எழுதினால் என்ன நடக்கும்? நாளைக்கே ஆல்டர்சி மறுபடியும் ஓடுதளத்தின் கோடியில் உட்கார்ந்திருப்பான். முந்நூறு கஜம் பின்னால் பிரைஸ். வேறு வாலை மாட்டிவிடுவார்கள், வால்களுக்குப் பஞ்சமில்லை. 'வீழ்த்தப்பட்டது' என்று எழுதினால் ஆல்டர்சி நாளைக் காலை இங்கிலாந்துக்கு. அவனைப் போலச் சந்துக்குள் போக வெறி பிடித்தவன் வேறு யாரும் எங்கள் படைப்பிரிவில் இல்லை. வேட்டை தானாகப் படுத்துவிடும். ஒரு சொல். நான்கு வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பொய்யாக எழுதாத ஒரு சொல்.

'எதிரி ஜெட் விமானம் ஒன்று, வானில் வீழ்த்தப்பட்டது. பிலிம் உறுதி செய்கிறது.' கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் மழை. யாரும் பறக்க முடியாததால் பகலிலேயே அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் கொண்டாட்டம். நிஜமாகவே ஒரு எலியைப் பிடித்துக் கொன்று, அட்டையில் சிறகு வெட்டி ஒட்டி, கதவில் வாலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே போகிறவன் வருகிறவன் எல்லாம் அதன் மூக்கில் பியரைத் தெளித்துவிட்டுப் போனான். பதினோரு மணிக்கு நாற ஆரம்பித்தது. அதையும் பொருட்படுத்தாமல் அதன் கீழேயே பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்றார்கள். லண்டனிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் வந்திருந்தான். ஈரத் தலையும் புதுப் பூட்ஸுமாக நின்று ஆல்டர்சியைக் கேட்டுக் கேட்டு எழுதினான்.

"ப்ரொப்பெல்லர் ஜெட்டை ஜெயிச்சுடுச்சு. அப்படித்தானே எழுதலாம்?"

"எழுதுங்க. எழுத்தை மட்டும் பெரிசா போடுங்க."

"எப்படி சார் முடிஞ்சுது? அது நூறு மைல் வேகம் ஜாஸ்தியாச்சே?"

"நெஞ்சுல தைரியம் வேணும்," என்றான் ஆல்டர்சி. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பென்ரோஸ், மகிலிவ்ரே, ஊட்டன் என்று ஒருவன் வாயிலும் வரவில்லை. பத்திரிகைக்காரன் கேட்கவும் இல்லை. சார்ஜெண்ட்களுக்கு அந்தக் கூடத்தில் இடம் கிடையாது. ஆகவே பிரைஸும் அங்கே இல்லை.

ஆல்டர்சி என் தோளில் கை போட்டான். மூச்சில் ஜின் வீசியது. "ஸ்பை, நீ கடுமையான ஆளுன்னு எல்லாரும் பயந்தாங்க. நீயே எழுதிட்டேன்னா அப்புறம் எவன் சந்தேகப்படுவான்?"

வெளியே போய் மழையில் நின்றேன்.  ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. மறுநாள் ஆல்டர்சியின் பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பிரைஸ் என் சர்க்கரையைப் பாதி காலி செய்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மோர்டன்ட் எல்லோரையும் கூட்டிச் சத்தமாகப் படித்தார். டெம்பெஸ்ட்கள் ஜெட்டை அதன் தளத்திலேயே வீழ்த்த முடியும் என்று பிலிம் சாட்சியுடன் உறுதியாகிவிட்டதாம். ஆகவே இனி ஒரு ஜோடி அல்ல, மூன்று ஜோடிகள் ஓடுதளத்தில் தயாராக நிற்க வேண்டுமாம். பக்கத்துப் படைப்பிரிவுகளும் சேர்ந்துகொள்ளுமாம். ஒவ்வொரு ஜெட்டுக்கும் ஒரு பதக்கம் பரிசீலிக்கப்படுமாம். அந்தச் சந்துக்குள் போய் வந்தவர்கள் புதியவர்களை அழைத்துப் போக வேண்டும். அந்தப் பட்டியலில் முதல் பெயர், லீடர், சார்ஜெண்ட் இட்வால் பிரைஸ்.

எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். அவனும் சிரித்தான்.  வேட்டையை நிறுத்த நான் எழுதிய அதே வரியைத்தான் மேலிடம் எடுத்துக் காட்டி வேட்டையைப் பெரிதாக்கியிருந்தது. உத்தரவில் என் சொற்கள் அப்படியே இருந்தன. 'பிலிம் உறுதி செய்கிறது.'

கூட்டம் கலைந்ததும் மோர்டன்டின் பின்னாலேயே போனேன்.

"சார், அந்த அறிக்கை பொய்."

"எது?"

"ஆல்டர்சியோடது. அவன் அடிக்கல. ஜெட்டோட கால் உடைஞ்சுது. நான் தெரிஞ்சுதான் எழுதினேன்."

கதவைச் சாத்தினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பதக்கங்களைப் பற்றிய ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தார்.

"அந்த ஜெட் எரிஞ்சுதா இல்லையா?"

"எரிஞ்சுது."

"நம்ம ஆள் பின்னால போனதாலதானே அவன் அவசரமா இறங்கினான்?"

"அப்படி இருக்கலாம். ஆனா..."

"அப்புறம் என்ன? பேப்பர்ல வந்தாச்சு. ஆல்டர்சி ராஜா கையால பதக்கம் வாங்கப்போறான். பிலிம் லண்டன்ல இருக்கு, அதைப் பார்த்தவங்க யாரும் உங்க அளவுக்குக் கண்ணை இடுக்கிப் பார்க்கல. நீங்க களைச்சுப் போயிட்டீங்க, தாக்ரே. ரெண்டு நாள் பிரஸ்ஸல்ஸ் போய்ட்டு வாங்க. நல்லா சாப்பிடுங்க."

முதல் முறையாக அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவரிடமும் என்னிடமும். நான் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியிருக்கலாம், லண்டனுக்குப் போய் கத்தியிருக்கலாம். செய்யவில்லை. பிரஸ்ஸல்ஸும் போகவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து பீரங்கிகளின் இடத்தை இன்னும் துல்லியமாகக் குறித்துக்கொண்டிருந்தேன், அதனால் ஏதோ ஆகிவிடும் என்பது போல.

இரண்டு நாள் கழித்து, பகல் ஒரு மணிக்கு, பிரைஸ் லீடராகப் போனான். இரண்டாவது ஆள் ஸ்கோஃபீல்ட் என்பவன். லங்காஷயர்க்காரன், கல்யாணமாகி ஐந்து மாதம். இந்த முறை ஒரு எஞ்சின்தான் திரும்பியது. கால் மணி நேரம் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் வரவில்லை.

பிரைஸ் கூடாரத்துக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தான். கையில் நடுக்கமே இல்லை. டீயை ஒரே மூச்சில் குடித்தான்.

"ஸ்கோஃபீல்ட்?" என்றேன்.

"நுழைஞ்ச உடனே. சிறகு தனியா போச்சு. பாராசூட் திறக்கல." பிறகு, ஒரு நொடிகூட விடாமல், "ஒரு ஜெட் சார். வீழ்த்தினேன்."

"அடிச்சதைப் பார்த்தியா?"

"சுட்டேன். அவன் மரத்துக்குப் பின்னாடி இறங்கினான். புகை வந்துது."

"என்ன புகை?"

"புகைதான் சார்."

பிலிம் வந்தது. இருவரும் சேர்ந்தே பார்த்தோம். மரங்கள், வானம், மறுபடி மரங்கள். குண்டுகள் வெறும் காற்றில் போயின. ஜெட் பிலிமின் ஓரத்தில் அரை விநாடி தெரிந்தது. ஒரு அடியும் படாமல் சமர்த்தாக இறங்கிக்கொண்டிருந்தது. புகை ஒரு பண்ணை வீட்டின் புகைபோக்கியிலிருந்து வந்தது.

நான் விளக்கைப் போட்டேன். பிரைஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுங்க சார், அவருக்கு எழுதின மாதிரி."

"எவருக்கு?"

"ஆல்டர்சிக்கு. நான் பின்னாடிதானே வந்தேன்? எனக்குத் தெரியாதா? அந்தக் கால் அதுவா மடங்கிச்சு. அவர் குண்டெல்லாம் புல்லுலதான் விழுந்துது. நீங்க பிலிமைப் பார்த்துட்டுத்தான எழுதினீங்க?"

நான் பிலிம் சுருளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். 

"ஒரு ஜெட் கணக்குல வந்தா எனக்குப் பதக்கம், ஊருக்கு ஒரு மாச லீவு. அதுக்குள்ள இந்தச் சண்டையே முடிஞ்சுடும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் திரும்பி இங்க வரவே வேண்டியதில்ல. ஒரே ஒரு வரி சார். உங்களுக்கு என்ன போகுது?"

"பிரைஸ், கேளு. நான் அதை எழுதினதே..."

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் எதிரே காலி முக்காலி ஒன்று கிடந்தது. இரண்டாவது ஆள் அறிக்கை சொல்ல உட்காரும் முக்காலி. நான் உனக்காக எழுதிய பொய்யால்தான் அது காலியாக இருக்கிறது என்று சொல்வதா? இந்த ஜெட்டையும் எழுதினால் நாளைக்கு மேலிடம் மூன்று ஜோடியை ஆறாக்கும். ஆறு பேர் பின்னால் போவார்கள்.

"என்னால முடியாது," என்றேன். "இது பிலிம்ல இல்ல."

"அதுவும்தான் பிலிம்ல இல்ல."

"அது தப்பு. அதை நான் மறுபடியும் பண்ண மாட்டேன்."

பிரைஸ் என்னையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெருவில் எதையோ மிதித்துவிட்டவன் பூட்ஸைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"புரியுது சார். அவர் அதிகாரி. உங்க கூடத்துல உங்களோட உட்கார்ந்து குடிக்கிறவர். அவருக்குக் கால் மடங்கினாலும் வீழ்த்தினதுதான். நான் குவாரிக்காரன் மகன். எனக்குன்னா பிலிம்ல இருக்கணும்." எழுந்து கோட்டை மாட்டினான். "நீங்க ஒருத்தர்தான் வேற மாதிரின்னு நெனச்சேன். உங்க சர்க்கரையெல்லாம் தின்னேனே, தூ!"

'உரிமை இல்லை' என்று எழுதி அவன் முன் தள்ளினேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டான். கூடாரத் துணியை விலக்கிவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்குக் கிட்டப் போறேன். ரொம்பக் கிட்ட. பிலிம் முழுக்க ஜெட்டா இருக்கும். அப்போ என்ன எழுதுறீங்கன்னு பாக்கறேன்."

சொன்னபடியே போனான். மறுநாள் காலை அவனோடு போன இரண்டாவது ஆள், மில்பர்ன் என்ற பையன், உயிரோடு திரும்பி வந்து என் எதிரே முக்காலியில் உட்கார்ந்தான். பிரைஸ் சுட்டுக்கொண்டே போனானாம். ஐம்பது கஜம்வரை போனானாம். ஜெட் வானிலேயே வெடித்துச் சிதறியதாம். அந்தச் சிதறலுக்குள்ளேயே பிரைஸின் விமானமும் போய், வெளியே வரவில்லையாம்.

பையன் அழுதுகொண்டே கேட்டான், "அவருக்கு அது கிடைக்கும்ல சார்? நான் பார்த்தேன் சார், என் கண்ணால பார்த்தேன்."

கிடைக்கும் என்றேன். பிரைஸின் பிலிம் அவன் விமானத்தோடு எரிந்துவிட்டது. மில்பர்ன் பின்னால் வந்தவன், சுடவில்லை, அவன் கேமரா ஓடவே இல்லை. இருந்தும் நான் எழுதினேன். எதிரி ஜெட் விமானம் ஒன்று, வானில் வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியவர் சார்ஜெண்ட் இ. பிரைஸ். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஒரு வாரத்தில் அது மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: பிலிம் சாட்சி இல்லை, ஏற்பதற்கில்லை.